மாமியார் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்: நிக்கிற வண்டில பேட்டரி காலியான கதை

2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறோட சேத்து மூணு நாள் லீவு. காலைல நாலே கால் மணி. பையன் அரைத்தூக்கத்துல தோள்ல தொங்கறான், வீட்டம்மா கையில இட்லி மாவு தூக்கு, ஆழியார் செக்போஸ்ட் திறக்கிற நேரத்துக்கு அங்க நின்னு வால்பாறை ஏறிடணும்னு பிளான். வண்டிக்குள்ள லைட்ட போட்டேன், கார்த்திகை விளக்கு மாதிரி மினுக்குனு எரிஞ்சுது. சாவியத் திருப்பினேன். டிக் டிக் டிக் டிக். அவ்ளோதான். செல்ஃப் எடுக்கல.

"ஏனுங்க, போன மாசந்தானே புது பேட்டரி போட்டீங்க"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு அன்னைக்கு எங்கிட்ட பதில் இல்ல. மூணு வாரம் கழிச்சுதான் முழுசா பதில் கிடைச்சுது, அதத்தான் இங்க எழுதறேன், ஏன்னா வேன வீடா மாத்தி வச்சிருக்கிற நெறைய பேரு இதே பிரச்சனைல பேட்டரிய மட்டும் மாத்தி மாத்தி காசு விட்டுட்டு இருக்காங்க, நானும் விட்டேன்.

வண்டியப் பத்தி சுருக்கமா. 2019 மாடல் டெம்போ டிராவலர், மஞ்ச போர்டுல டூரிஸ்ட் ஓடிட்டு இருந்தது. 2023ல வாங்கி சீட்டெல்லாம் கழட்டி, பெட், சின்ன கிச்சன், தண்ணி டேங்க், கூரை மேல 165 வாட் சோலார் பேனல் ரெண்டு போட்டு வீடாக்கினோம் (ஆர்டிஓ ஆபீஸ் கதை தனி பதிவு, அத இப்ப ஆரம்பிச்சா பிபி ஏறும்). வருஷத்துல ஒரு நாப்பது அம்பது நாள் ஓடும், மிச்ச நாளெல்லாம் வடவள்ளில எங்க வீட்டுக்குப் பக்கத்து காலி சைட்ல வேப்பமரத்தடில நிக்கும். நிக்கிற வண்டிதான் பேட்டரிக்கு எமன், ஓடுற வண்டி இல்ல. இது எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது.

இந்த மாதிரி வண்டில பேட்டரி ரெண்டு. ஒண்ணு இன்ஜின் பேட்டரி, 100 ஏஎச் (ஆம்ப் அவர், பேட்டரி எவ்ளோ கரண்ட் பிடிச்சு வைக்கும்ங்கற அளவு), செல்ஃப் மோட்டாருக்கு. இன்னொண்ணு வீட்டு பேட்டரி, எனக்கு 150 ஏஎச் டியூபுலர், வீட்ல இன்வெர்ட்டருக்குப் போடுவோமே அதேதான். லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணி பம்ப் எல்லாம் இதுல ஓடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரிலே, அதாவது சிக்னல் கரண்ட் வந்தா தானா சேந்து, நின்னா பிரியற ஸ்விட்ச். வண்டி ஓடும்போது ரிலே சேரும், இன்ஜின் சுத்தும்போது கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் ரெண்டையும் சார்ஜ் பண்ணும். வண்டிய நிறுத்தினா ரிலே பிரியும், அப்புறம் வீட்டு பேட்டரிய எவ்ளோ காலி பண்ணாலும் இன்ஜின் பேட்டரில கை வைக்காது, காலைல வண்டி கிளம்பும். ஏட்டுல அப்படித்தான்.

மொதல் தடவ ஜூன்ல டவுன் ஆச்சு. பக்கத்து வீட்டு கார்ல கேபிள் மாட்டி ஜம்ப் ஸ்டார்ட் பண்ணோம், "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க தம்பி, சார்ஜ் ஏறிடும்"னாரு அவரு. மருதமலை அடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்தேன், போக வர இருபது நிமிஷம். இந்த "ஒரு ரவுண்டு" இருக்கே, நம்ம ஊர்ல இதவிட பெரிய மூடநம்பிக்கை இல்ல. அடிவரைக்கும் காலியான 100 ஏஎச் பேட்டரி நிறையணும்னா பத்து ஆம்ப் சார்ஜர்ல வச்சாலும் பத்து பன்னெண்டு மணி நேரம் ஆகும், கடைசி கொஞ்சம் இன்னும் மெதுவாத்தான் ஏறும். இருபது நிமிஷ ரவுண்டுல அடுத்த செல்ஃபுக்குத் தேவையானது வேணா ஏறும், மிச்சம் அரைப்பட்டினிலயே நிக்கும். லெட் ஆசிட் பேட்டரிய அரைப்பட்டினில போட்டு வச்சா உள்ள தகட்டுல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிடும், அப்புறம் எவ்ளோ சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

ஜூலைல ரெண்டாவது தடவ. பேட்டரி கடைக்காரரு லோட் டெஸ்டர வச்சுப் பாத்தாரு, முள்ளு சிவப்புக்குப் போச்சு, "செல் போயிடுச்சு தம்பி"ன்னாரு. பொய் சொல்லல, போயிருந்துச்சு. ஆனா ஏன் போச்சுன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. எட்டாயிரத்துச் சொச்சம் குடுத்து புதுசு போட்டேன். ஒரு வாட்டி பொள்ளாச்சி போயிட்டு வந்து ஜூலை 30 கொண்டாந்து நிறுத்தினேன். ஆகஸ்ட் 15க்கு டிக் டிக் டிக். பதினாறே நாள்.

இதுக்கு நடுவுல ஒரு விஷயம் நடந்துச்சு, அப்ப நான் காதுலயே போட்டுக்கல. எங்க அத்தை, அதாவது மாமியார், அந்த காலி சைட்ட ஒட்டி இருக்கிற ரூம்லதான் படுப்பாங்க. ஜூலைல ஒரு நாள் காலைல காபி குடிக்கிறப்ப, "மாப்ள, உங்க வண்டி ராத்திரில முனகுதுங்க"ன்னாங்க. ஆடிக்காத்து அத்தை, மரக்கிளை கூரைல உரசும்னு சொல்லிட்டேன். "காத்து சத்தம் எனக்குத் தெரியாதுங்களா, இது வண்டு ரீங்காரம் போடறாப்ல இருக்குது"ன்னாங்க. சரிங்க பாக்கறேன்னு சொல்லிட்டு ஆபீஸ் கால்ல உக்காந்துட்டேன்.

சரி, ட்ரிப் போச்சு. இட்லி மாவு வீட்டுக்கே திரும்பிப் போச்சு. இந்தத் தடவ பேட்டரி கடைக்கே போறதில்லன்னு முடிவு பண்ணேன்.

மொதல்ல குத்தவாளி பேட்டரியா வண்டியான்னு பிரிக்கணும். மல்டிமீட்டர வச்சா 10.6 வோல்ட். 12 வோல்ட் பேட்டரின்னு பேருதானே ஒழிய ஃபுல் சார்ஜ்ல சும்மா இருக்கும்போது 12.6, 12.7 காட்டணும், 12.2ன்னா பாதிதான் இருக்கு, 11.9க்கு கீழ வந்தா காலின்னே வச்சுக்கலாம். வண்டி ஓட்டி நிறுத்தின கையோட பாக்காதீங்க, மேலாப்புல கூடுதலா காட்டும், சில மணி நேரம் விட்டுட்டுப் பாக்கணும். ஃபிரெண்டு ஒருத்தன்கிட்ட சார்ஜர் வாங்கி சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் போட்டேன், வீட்டு பேட்டரிக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து சார்ஜ் போட்டேன். அப்புறம் இன்ஜின் பேட்டரில மைனஸ் டெர்மினல கழட்டி தனியா விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல பாத்தா 12.66. சாயங்காலமும் அதேதான். ஆக பேட்டரி நல்லாத்தான் இருக்கு, வண்டிதான் உக்காந்து தின்னுட்டு இருக்கு.

இப்ப எவ்ளோ தின்னுதுன்னு அளக்கணும். மல்டிமீட்டர்ல சிவப்பு வயர பத்து ஆம்ப் ஓட்டைக்கு மாத்தி, மைனஸ் டெர்மினலுக்கும் கழட்டின கேபிளுக்கும் நடுவுல மீட்டர வைக்கணும், அதாவது வண்டி குடிக்கிற கரண்ட் மொத்தமும் மீட்டர் வழியாத்தான் போகணும். இதுல நான் பண்ண மடத்தனத்தச் சொல்லிடறேன். மீட்டர மாட்டிட்டு ரீடிங் பாத்துட்டு இருக்கேன், பையன் முன்னாடி ஏறி பாட்டு கேக்கலாம்னு சாவியத் திருப்பிட்டான். டீசல் வண்டி, சாவி ஆன் பண்ணா ஹீட்டர் பிளக்கே ஏகப்பட்ட ஆம்ப் இழுக்கும். மீட்டர்லேர்ந்து ஒரு சின்ன "பட்", அப்புறம் கருகின வாசனை. விலை கம்மியான மஞ்ச மீட்டர்ல அந்த பத்து ஆம்ப் ஓட்டைக்குப் பக்கத்துல அன்ஃப்யூஸ்டுன்னு எழுதியிருக்கும், அதாவது காப்பாத்த ஃப்யூஸே கிடையாது, மீட்டர்தான் எரியும். காந்திபுரம் போயி ஃப்யூஸ் இருக்கிற மீட்டரா வேற வாங்கிட்டு வந்தேன். சாவி என் பாக்கெட்டுக்கு வந்துருச்சு. நீங்க அளக்கறதா இருந்தா சாவிய எடுத்து வச்சுட்டு, டோர் லாக்க ஸ்க்ரூ டிரைவரால அழுத்தி பூட்டினாப்ல ஆக்கிட்டு அப்புறம் மீட்டர் பக்கம் போங்க. வயர சுத்திக் கவ்வி அளக்கிற டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தா கழட்டாமயே அளக்கலாம், ஆனா வீட்டு வயர்மேன் வச்சிருக்கிற சாதா கிளாம்ப் மீட்டர் ஏசி கரண்ட் மட்டுந்தான் காட்டும், பேட்டரி கரண்ட் அதுல தெரியாது, அத நம்பி சைபர்னு காட்டுதேன்னு சந்தோஷப்பட்டவங்கள எனக்குத் தெரியும்.

புது மீட்டரோட உக்காந்தப்ப இருட்டிடுச்சு. கேபிள வைக்கும்போதே ஒரு பொறி பறந்துச்சு, கொஞ்சம் பெரிய பொறி. மொதல்ல 2.8 ஆம்ப். பதறக் கூடாது, வண்டில இருக்கிற கம்ப்யூட்டருங்க எல்லாம் தூங்கப் போக அரை மணி நேரமாவது ஆகும், அதுவரைக்கும் ரீடிங் கூடத்தான் காட்டும். நாப்பது நிமிஷம் கொசுக்கடில உக்காந்தேன். 0.62ல வந்து நின்னுச்சு. நல்லா இருக்கிற வண்டி நிக்கும்போது 20லேர்ந்து 50 மில்லி ஆம்ப்தான் எடுக்கணும், என் வண்டி 620 மில்லி ஆம்ப் எடுக்குது. கணக்கு சிம்பிள், 0.62ஐ 24ஆல பெருக்குங்க, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 15 ஏஎச். 100 ஏஎச் பேட்டரி ஒரு வாரம் தாங்காது.

சரின்னு ஃப்யூஸ் ஒண்ணொண்ணா பிடுங்க ஆரம்பிச்சேன். எந்த ஃப்யூஸ எடுத்தா ரீடிங் சட்டுனு விழுதோ அந்த லைன்லதான் திருடன். எல்லாரும் சொல்ற வழி. ஹெட்லைட்டு, வைப்பர், ஹாரன், மியூசிக், எல்லாம் பிடுங்கியாச்சு, டப்பால ஒரு ஃப்யூஸ் இல்ல. ரீடிங் 0.51. ஃப்யூஸே இல்லாத வண்டி அரை ஆம்ப் குடிக்குது, எங்கேர்ந்துய்யா குடிக்கிற?

ஃப்யூஸ் டப்பாவுக்குப் போகாம நேரா பேட்டரிலேர்ந்து போற வயருங்க சில இருக்கும். செல்ஃப் மோட்டார் வயர், ஆல்டர்னேட்டர் வயர். ஆல்டர்னேட்டருக்குள்ள கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடற டயோடு லீக் ஆச்சுன்னா நிக்கும்போது பேட்டரிய பின்பக்கமா உறிஞ்சும், அப்படித்தான் இருக்கும்னு பேட்டரிய பிரிச்சுட்டு படுத்து உருண்டு அந்த வயர கழட்டினேன், கையெல்லாம் கிரீஸ். மறுபடி அளந்தா 0.51. ஒரு துளி மாறல. மணி பதினொண்ணரை. மீட்டர வேற வழியில்லாம அப்படியே மாட்டி விட்டுட்டு, மறுநாள் பாத்துக்கலாம்னு போய்ப் படுத்துட்டேன்.

திங்கக்கிழமை காலைல ஒம்போது மணி இருக்கும், ஒர்க் ஃப்ரம் ஹோம், கால் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எட்டிப் பாத்தேன். மீட்டர்ல மைனஸ் 0.9.

மைனஸ்! ராத்திரி வயர மாத்தி மாட்டிட்டேனோன்னு பாத்தேன், மாத்தல. அப்படின்னா இன்ஜின் பேட்டரிலேர்ந்து கரண்ட் வெளிய போகல, உள்ள வந்துட்டு இருக்கு. ஓடாத வண்டில இன்ஜின் பேட்டரிய யாரு சார்ஜ் பண்றது? மேல பாத்தேன். அன்னைக்கு மேகம் இல்ல, கிழக்குப் பக்க வெயில் வேப்பமரத்துக்கு அடில புகுந்து சோலார் பேனல் மேல விழுந்துட்டு இருக்கு. சோலார் வீட்டு பேட்டரிக்கு மட்டுந்தான் கனெக்‌ஷன். அப்ப ரெண்டு பேட்டரியும் ஒண்ணா சேந்து கிடக்கு. நடுவுல இருக்கிற ரிலே பிரியவே இல்ல. முந்தின ராத்திரி அவ்ளோ பெரிய பொறி பறந்ததும் அதனாலதான், நெறஞ்ச பேட்டரியும் கொஞ்சம் கொறஞ்ச பேட்டரியும் ஒண்ணா சேந்தா அப்படித்தான் பறக்கும், அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

அன்னைக்கு காலுக்கு பத்து நிமிஷம் லேட்டு. டிரைவர் சீட்டுக்கு அடில இருந்த ரிலேவ, ரெண்டு பேட்டரி கனெக்‌ஷனையும் எடுத்துட்டு, கழட்டினேன். ஹெட்லைட்டுக்குப் போடற சின்ன கருப்பு டப்பா ரிலே, 40 ஆம்ப். தனியா கையில வச்சு மீட்டர பீப் மோடுல வச்சு 30, 87ன்னு நம்பர் போட்ட முனைங்களுக்கு நடுவுல தொட்டேன், பீப். ரிலேவ சேக்கற காந்தச் சுருள், அதாவது காயிலுக்கு கரண்டே குடுக்காம பீப் அடிக்கக் கூடாது. மேல் மூடிய ஸ்க்ரூ டிரைவரால நெம்பி எடுத்தேன். உள்ள பச்சரிசி சைஸ்ல ரெண்டு காண்டாக்ட் பாயிண்ட், ரெண்டும் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்துச்சு, சுத்தி கருப்பா புகை படிஞ்சு, மூடியோட உள்பக்கம் கொப்புளம் விட்டிருந்துச்சு. நகத்தால இழுத்தா வரல. ஸ்க்ரூ டிரைவர் முனைய விட்டுத் திருப்பினதும் "டக்"குனு விட்டுச்சு.

ஏன் ஒட்டிக்கிச்சுன்னு எங்க ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட காட்டினேன். அவரு ரிலேவ விட்டுட்டு, காயிலுக்கு வர்ற வயர் எங்கேர்ந்து வருதுன்னுதான் மொதல்ல பாத்தாரு. "இக்னிஷன்லேர்ந்து எடுத்திருக்காங்க தம்பி, முடிஞ்சுது கதை"ன்னாரு. சாவி ஆன் பண்ணதுமே ரிலே சேந்துடும், அதுக்கு அடுத்த செகண்ட் நாம செல்ஃப் அடிக்கிறோம். டீசல் வண்டி செல்ஃப் மோட்டார் நூத்துக்கணக்கான ஆம்ப் கேக்கும். இன்ஜின் பேட்டரி வீக்கா இருந்துச்சுன்னா, பின்னாடி இருக்கிற 150 ஏஎச் டியூபுலர் "நான் இருக்கேன்டா"ன்னு அந்த சின்ன ரிலே வழியா மொத்தத்தையும் அனுப்பும். 40 ஆம்ப் தாங்கற காண்டாக்ட்ல அதுக்கு மேல பல மடங்கு. வெல்டிங் அடிச்ச மாதிரி ஒட்டிக்கும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ண ஆரம்பிச்ச அப்புறந்தான் ரிலே சேரணும், அதாவது டேஷ்போர்டுல பேட்டரி லைட் அணையற அந்த வயர்லேர்ந்து சிக்னல் எடுத்திருக்கணும். என் வண்டிக்கு வயரிங் பண்ணவங்க ஒரு வயர் இழுக்க சோம்பல்பட்டு பக்கத்துல இருந்த இக்னிஷன் வயர்ல சொருகிட்டாங்க. அனேகமா ஜூனுக்கு முன்னாடியே ஏதோ ஒரு நாள் ஒட்டியிருக்கும். அன்னைலேர்ந்து என் வண்டில ரெண்டு பேட்டரின்னு நெனச்சுட்டு இருந்தது ஒரே பேட்டரி.

அப்படின்னா வீட்டு பக்கத்துல எதுவோ தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம். ரிலேவ எடுத்துட்டதால இப்ப ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா அளக்கலாம். டியூபுலர் பேட்டரில மீட்டர வச்சேன், ராத்திரி சோலார் இல்லாத நேரம். 1.26 ஆம்ப். ஒரு நாளைக்கு 30 ஏஎச்!

அமைதியா இருந்த அந்த வண்டிக்குள்ள தனியா உக்காந்திருந்தப்பதான் கேட்டுச்சு. ம்ம்ம்ம்ம்ம். மெல்லிசா, ஒரே சுருதில, வண்டு மாதிரி. பெட்டுக்கு அடில காத கொண்டு போனேன். இன்வெர்ட்டர். பிளக் பாயிண்ட் எல்லாம் ஆஃப், ஒரு பல்பு கூட எரியல, ஆனா இன்வெர்ட்டரோட ஸ்விட்ச் ஆன்லயே இருக்கு. லோடே இல்லேன்னாலும் அது 12 வோல்ட்ட 230 ஆக்கி தயாரா வச்சுட்டு நிக்கும், உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் முனகிட்டே இருக்கும், அதுக்கே என் இன்வெர்ட்டர் 1.1 ஆம்ப் எடுக்குது. வீட்ல இதப் பத்தி நாம கவலப்படறதில்ல, ஈபி கரண்ட் இருக்கு, அதுல ஓடிக்கும். காலி சைட்ல ஈபி ஏது? ஸ்விட்ச அமுக்கினேன், சத்தம் நின்னுச்சு, மீட்டர் 0.16க்கு விழுந்துச்சு.

அத்தை சொன்னது இதத்தான். மறுநாள் காலைல போயி ஒத்துக்கிட்டேன். "நான் அன்னைக்கே சொன்னேனுங்களே"ன்னு சொல்லிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க. அதுக்கு மேல அவமானம் வேணுமா.

மிச்சம் 160 மில்லி ஆம்ப்ல பாதி கேஸ் லீக் டிடெக்டர். இத யோசிச்சுத்தான் கை வைக்கணும், உள்ள ஆள் படுக்கும்போது கண்டிப்பா ஆன்ல இருக்கணும், எல்பிஜி காத்தவிட கனம், தரையோட தேங்கும், அதனாலதான் டிடெக்டர கீழ வைக்கிறோம். ஆளில்லாம சிலிண்டர் வால்வ மூடி நிறுத்தி வைக்கும்போது ஆஃப் பண்ணிக்கலாம்னு தனி ஸ்விட்ச் போட்டேன். அப்புறம் அந்த நீலக்கலர்ல வோல்ட் காட்டுற யுஎஸ்பி சாக்கெட், அழகா இருக்குன்னு நாலு இடத்துல போட்டிருந்தேன், நாலும் சேந்து ராத்திரி பகலா 60 மில்லி ஆம்ப். பேட்டரி எவ்ளோ இருக்குன்னு காட்டறதுக்கே பேட்டரிய தின்னுட்டு இருந்துச்சுங்க.

சோலார் இருக்கே, 330 வாட் இருக்கே, அது ஈடு கட்டாதான்னு கேப்பீங்க. நானும் அந்த தைரியத்துலதான் இருந்தேன். வேப்பமர நிழல், ஆடி மாசத்து மூடாப்பு, கூரை மேல காக்கா எச்சம், உதுந்த இலை. ரெண்டு பேனலும் வரிசையா சீரிஸ்ல மாட்டியிருந்தேன், ஒண்ணு மேல நிழல் விழுந்தா மத்ததும் சேந்து படுத்துடும். வாங்கும்போது சொல்ற வாட் எல்லாம் உச்சி வெயில்ல மரமில்லாத எடத்துல. வண்டி வெயில்ல காயக் கூடாதுன்னு மரத்தடில விட்டேன், பேனல் வெயில்லதானே காயணும்? ரெண்டும் ஒரே எடத்துல நடக்காதுன்னு இப்ப தெரியுது.

அடுத்து இன்ஜின் பக்கம். ரிலேவ கழட்டிட்டு, ஃப்யூஸெல்லாம் திரும்ப மாட்டி, தூங்க விட்டு அளந்தா 0.21 ஆம்ப். இன்னும் அதிகந்தான். இந்தத் தடவ ஃப்யூஸ பிடுங்கல, பிடுங்கி மாட்டினா தூங்குற கம்ப்யூட்டர் முழிச்சுக்கும், மறுபடி அரை மணி நேரம். அதுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பிளேடு ஃப்யூஸ் தலைல ரெண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும் பாருங்க, மீட்டர மில்லி வோல்ட்ல வச்சு அந்த ரெண்டு புள்ளியையும் தொடணும். கரண்ட் ஓடாத ஃப்யூஸ் சைபர் காட்டும், ஓடுச்சுன்னா ஏதாவது காட்டும். பத்து ஆம்ப் சிவப்பு ஃப்யூஸ்ல ஒரு மில்லி வோல்ட் காட்டினா கிட்டத்தட்ட 130 மில்லி ஆம்ப் ஓடுதுன்னு அர்த்தம், பெரிய ஃப்யூஸா இருந்தா அதே ஒரு மில்லி வோல்ட்டுக்கு இன்னும் அதிகம். மீட்டர்ல பத்துல ஒரு பங்கு மில்லி வோல்ட் தெரியணும், அது முக்கியம்.

மியூசிக் ஃப்யூஸ்ல மாட்டுச்சு. டூரிஸ்ட் வண்டியா ஓடினப்ப போட்ட ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு பின்சீட்டுக்கு அடில இருந்திருக்கு, ஸ்பீக்கர கழட்டினோம், பாக்ஸ கழட்டினோம், ஆம்ப்ளிஃபயர் மேல பிளைவுட் அடிச்சு மூடிட்டோம். அது ரெண்டு வருஷமா யாருக்கும் கேக்காத கச்சேரி பண்ணிட்டு 95 மில்லி ஆம்ப் குடிச்சுட்டு இருந்துச்சு.

இன்னொரு 80 மில்லி ஆம்ப் எந்த ஃப்யூஸ்லயும் சிக்கல. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து டேஷ்போர்டுக்கு அடில தலைய விட்டு, டார்ச்ச வாயில கடிச்சுட்டு, ஒரு கருப்பு இன்சுலேஷன் டேப் சுத்தின பொட்டலத்த வெளிய இழுத்தாரு. ஜிபிஎஸ். 2019 ஜனவரி 1லேர்ந்து பதிவாகற பயணிகள் வாடகை வண்டிக்கெல்லாம் டிராக்கரும் எமர்ஜென்சி பட்டனும் கட்டாயம், ஏஐஎஸ் 140ம்பாங்க, என் வண்டி 2019 மஞ்ச போர்டு. பட்டன கழட்டினப்ப பெட்டி எங்கன்னு யோசிக்கவே இல்ல. நேரா பேட்டரி லைன்ல தனி ஃப்யூஸோட மாட்டியிருக்கு, சாவிய எடுத்தாலும் அது விழிச்சுட்டு தான் இருக்கும், அதோட வேலையே அதுதான். சந்தா முடிஞ்ச சிம்மோட பழைய முதலாளிக்கு நெட்வொர்க் தேடித் தேடி "நான் வடவள்ளில இருக்கேன்"னு சொல்ல முயற்சி பண்ணிட்டே இருந்திருக்கு பாவம். இப்ப வண்டி மஞ்ச போர்டு இல்லங்கறதால கழட்டிட்டோம். வாடகை வண்டியா இருந்தா கழட்டக் கூடாது, அத ஞாபகம் வச்சுக்கோங்க.

ரெண்டும் போனதுக்கப்புறம் இன்ஜின் பக்கம் 35 மில்லி ஆம்ப். ஒரு நாளைக்கு ஒரு ஏஎச் கூட இல்ல.

ரிலேவுக்கு பதிலா வோல்டேஜ் பாத்து தானா சேந்து பிரியற வகை ரிலே, 140 ஆம்ப் போட்டோம், பேட்டரி வோல்டேஜ் 13.7 தாண்டினா சேரும், 12.8க்கு கீழ வந்தா பிரியும், செல்ஃப் அடிக்கிறப்ப வோல்டேஜ் தரைக்கு வந்துடறதால அப்ப சேந்திருக்கவே இருக்காது. வயரையும் தடிமனா மாத்தி ரெண்டு பேட்டரி முனைலயும் ஃப்யூஸ். லித்தியம் வச்சிருக்கிறவங்க இத காப்பி அடிக்காதீங்க, லித்தியம் ஆல்டர்னேட்டர கதற விட்டு இழுக்கும், அதுக்கு நடுவுல கரண்ட அளவா அனுப்பற டிசி டு டிசி சார்ஜர்தான் சரி, விலை கூட. பேனல் ரெண்டையும் பேரலலா மாத்தியாச்சு, என் சார்ஜ் கன்ட்ரோலருக்கு அது ஒத்து வந்துச்சு. கடைசியா வீட்டு பேட்டரிக்கு மெயின் லைன்ல சிவப்பு சாவி வச்ச ஐசொலேட்டர் ஸ்விட்ச் ஒண்ணு, சாவிய எடுத்தா மொத்த லைனும் கட். சோலார் கன்ட்ரோலர மட்டும் அதுக்கு முன்னாடியே பேட்டரில மாட்டினோம், இல்லேன்னா சாவிய எடுத்ததும் சோலார் பேட்டரிய சார்ஜ் பண்ணாது.

வேலை முடிஞ்சது செப்டம்பர் 7. டெஸ்ட் பண்ணணும்னே வண்டிய தொடாம விட்டேன். கை அரிச்சுது, ஆனா தொடல. அக்டோபர் 1 ஆயுத பூஜை. காலைல மீட்டர வச்சேன், இன்ஜின் பேட்டரி 12.47, வீட்டு பேட்டரி 12.7. டயருக்கு அடில எலுமிச்சம்பழம், கண்ணாடில சந்தனம், ஏறி உக்காந்து சாவியத் திருப்பினேன், அரை சுத்துல புடிச்சுது. வீட்டம்மா ஜன்னல் வழியா கட்டை விரல காட்டினாங்க.

அத்தை பூஜைக்கு ஸ்பேனரு, அரிவாள்மணை, பையனோட ஜியாமெட்ரி பாக்ஸெல்லாம் வரிசையா வச்சிருந்தாங்க, அந்த சிவப்பு ஐசொலேட்டர் சாவியும் அதுல பொட்டு வச்சு உக்காந்திருந்துச்சு. மறுநாள் வால்பாறைக்கு கிளம்பலாம்னு பாத்தா சாவியக் காணோம். அரை மணி நேரம் தேடினோம். பூஜை முடிஞ்சதும் அத்தை எடுத்து பீரோல நகை டப்பாவோட வச்சிருக்காங்க. "நீங்கதானுங்களே சொன்னீங்க, இது போச்சுன்னா வண்டி போச்சுன்னு."